காட்டுப் பாதைக்கு ஏற்ற ஜாக்கி

பஞ்சிகாவத்தையில் ஜாக்கி வாங்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது எத்தனை தொன் தூக்கும் என்றுதான். தார் வீதியில் மட்டும் ஓடும் வாகனத்துக்கு அந்தக் கேள்வியோடு நின்றுவிடலாம். கற்பிட்டி மணலுக்கோ, ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரேக்கு இறங்கும் சரிவுப் பாதைக்கோ, மழை விட்ட மறுநாள் எலுவங்குளம் பக்கத்துச் செம்மண் தடத்துக்கோ வாகனத்தைக் கொண்டுபோக நினைப்பவர் வேறு இரண்டு விடயங்களை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்த ஜாக்கி வாகனத்தின் எந்த இடத்தைத் தாங்கித் தூக்கப் போகிறது? தூக்கும் நேரத்தில் அது எந்த நிலத்தில் நிற்கப் போகிறது? வார இறுதிகளில் கொழும்பிலிருந்து புறப்படும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

தொன் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ப்ராடோ போன்ற ஜீப் ஒன்று ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு இரண்டரைத் தொன் வரும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சில்லைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் விழுவது அதில் ஒரு பங்குதான். சரிவுக்கும் சேற்றின் பிடிப்புக்கும் சேர்த்து இடம் விட்டுப் பார்த்தாலும் மூன்று அல்லது நான்கு தொன் ஜாக்கி தாராளமாகப் போதும். அதற்கு மேல் போவதில் நன்மை இல்லை. ஒரு தீமைகூட உண்டு. போத்தல் ஜாக்கிகளில், அதாவது போத்தல் போல நின்று ஒயில் அழுத்தத்தால் தண்டை எழுப்பும் ஜாக்கிகளில், தொன் கூடக் கூட, முழுதாக இறக்கிவைத்த நிலையில் அதன் உயரமும் பொதுவாகக் கூடிக்கொண்டே போகிறது. எனக்குப் பழக்கமான கடைக்கார நானா ஒருவர் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: "தம்பி, தொன்னப் பாத்து எடுக்க வேணாம், வண்டிக்குக் கீழ போகுமாண்டு பாருங்க."

கீழே போகுமா என்பதைப் பார்க்கும் முறையும் முக்கியம். பெரும்பாலானோர் காற்று நிறைந்த சில்லோடு வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, அச்சுக்குக் கீழே அளவு நாடாவைப் பிடிக்கிறார்கள். ஜாக்கி தேவைப்படும் நேரத்தில் சில்லில் காற்று இருக்காது. 265/65 ஆர் 17 அளவு டயர் ஒன்றின் பக்கச் சுவர் மட்டும் சுமார் 17 சென்ரிமீற்றர். சுசுகியின் சிறிய ஜீப்பான ஜிம்னிக்கு வரும் 195/80 ஆர் 15 டயரில் அது 15 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். காற்று முழுவதும் போய் ரிம் தரையை நெருங்கும்போது இந்த உயரத்தின் பெரும்பகுதியை அந்தப் பக்கத்து அச்சு இழந்துவிடுகிறது. ஆகவே எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில், ஒரு ஞாயிறு காலையில், வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே என் ஜிம்னியின் கீழே நாடாவைப் பிடித்தேன். ஜாக்கியின் இறக்கிய உயரத்தோடு அடியில் வைக்கும் பலகையின் தடிப்பையும் கூட்டி, அந்த இடைவெளிக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது அளவு எவ்வளவு மேலே போக வேண்டும் என்பது. காற்றுப் போன சில்லைக் கழற்றுவதற்குத் தேவையான உயரம் சிறிது. காற்று நிறைந்த ஸ்பெயார் சில்லை உள்ளே செலுத்துவதற்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக வேண்டும். சில்லு பள்ளத்தில் நின்றால் இன்னும் கூடும். சாதாரண ஒற்றைத் தண்டுப் போத்தல் ஜாக்கி இந்த இடத்தில்தான் பலரைக் கைவிடுகிறது. அதன் தலையில் இருக்கும் திருகை வெளியே சுழற்றிக் கூடுதல் உயரம் பெறலாம் என்றாலும், அதற்கும் தொடக்கத்திலேயே கீழே இடம் இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள் எழும்பும் வகை கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

வாகனத்தோடு வந்த ஜாக்கியே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நம்மில் பலர் ஓட்டுவது கை மாறிக் கை மாறி வந்த பழைய வாகனங்களை. அவற்றில் ஜாக்கி இருக்கும் இடம் வெறுமையாக இருப்பதும், இன்னொரு வாகனத்தின் ஜாக்கி அதில் கிடப்பதும் சாதாரணம். கத்தரி போல மடங்கி விரியும் சிறிய ஜாக்கி வந்திருந்தால் அதைத் தார் வீதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அதன் ஒடுங்கிய அடி மணலில் நேராக உள்ளே இறங்கிவிடும். சில்லு பூட்டிய கராஜ் ஜாக்கி கொங்கிரீட் தரைக்கு உரியது.

காட்டுப் பாதையில் ஜாக்கியின் பெரும் வேலை சஸ்பென்ஷனோடு நடக்கும் இழுபறிதான். வாகனத்தின் உடலையோ, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசியையோ பிடித்துத் தூக்கும்போது முதலில் நடப்பது ஸ்பிரிங் விரிவது மட்டும். உடல் மேலே போகப் போக அச்சு கீழே தொங்கிக்கொண்டே வரும், சில்லு தரையை விட்டு அசையாது. அந்த உயரம் முழுவதையும் ஜாக்கி வீணாகக் கடந்த பிறகே சில்லு எழும்பத் தொடங்கும். அதற்குள் வாகனம் மறுபக்கம் சாய்ந்திருக்கும். ஜாக்கியும் அதோடு சாயத் தொடங்கியிருக்கும். அச்சின் கீழே வைத்துத் தூக்கினால் ஜாக்கி ஏறும் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் சில்லு ஏறும் சென்ரிமீற்றராகவே இருக்கும், உடல் அதிகம் உயர வேண்டியதில்லை. ஜிம்னிக்கும் லாண்ட் ரோவரின் பழைய டிஃபெண்டருக்கும் முன்னும் பின்னும் இரு சில்லையும் இணைக்கும் முழு அச்சு. ப்ராடோவுக்குப் பின்னால் மட்டும். இவற்றில் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் இடத்துக்கு அருகில், அச்சுக்குழலின் கீழே, பிரேக் குழாய் நசுங்காதபடி பார்த்து வைக்க வேண்டும். அச்சின் நடுவில், விசையை இரு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையின் கீழே வைத்தால் வாகனம் இரு பக்கமும் ஆடும். சில்லுகள் தனித்தனியாக அசையும் முன்பக்கங்களுக்கும், மிட்சுபிஷியின் மூன்றாம் தலைமுறை மொன்டெரோ போல நான்கு சில்லும் அப்படியே அமைந்த வாகனங்களுக்கும், கைநூலில் காட்டிய இடத்தைத் தவிர வேறு இடம் தேட வேண்டாம்.

இனி, எல்லோரும் ஆசையோடு பார்க்கும் ஹை-லிஃப்ட் ஜாக்கி. 1905 இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ப்ளூம்ஃபீல்ட் ஊரில் தொடங்கிய இந்த நெட்டை ஜாக்கி 36 அங்குலம் முதல் 60 அங்குலம் வரை பல நீளங்களில் வருகிறது. 48 அங்குல ஜாக்கியின் எடை சுமார் 13 கிலோகிராம். துளைகள் வரிசையாக இட்ட ஒரு உருக்குப் பட்டை, அதில் மாறி மாறி ஏறும் இரண்டு ஊசிகள், அவற்றைத் தள்ளும் இரண்டு சிறிய ஸ்பிரிங்குகள், ஒரு நீண்ட கைபிடி; இவ்வளவுதான் அதன் இயந்திரம். கசிய ஒயில் இல்லை, பழுதாக ரப்பர் வளையம் இல்லை, வாகனத்தின் கீழே படுக்க வேண்டியதும் இல்லை. சேற்றில் வயிறு தட்டி நிற்கும் டிஃபெண்டர் ஒன்றின் பின் பம்பரை வெளியில் நின்றபடியே உயர்த்தி, சில்லின் கீழ்க் குழியைக் கல்லால் நிரப்பி, மீண்டும் இறக்கி ஓட்டிச் செல்வதற்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

அதே கருவி கையையும் தாடையையும் உடைக்கக் கூடியது. பாரத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கைபிடி முழுப் பாரத்தையும் உணர்ந்துகொண்டே இருக்கிறது. ஊசி முழுவதும் துளைக்குள் விழாத நேரத்தில் கையை விட்டால் அது மேல்நோக்கி வீசி அடிக்கும். இறக்கும் நிலையில் விட்டால் பாரம் தரையைத் தொடும்வரை மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே போகும். ஆகவே தலை எப்போதும் கைபிடியின் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். ஏற்று, இறக்கு என்று மாற்றும் சிறிய நெம்பைத் தொடுவதற்கு முன் கைபிடியை நிமிர்த்திப் பட்டையோடு சேர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு அசைவிலும் ஊசி துளையில் விழும் ஓசையைக் காதால் கேட்க வேண்டும், கண்ணாலும் பார்க்க வேண்டும். செம்மண் ஈரத்தோடு உள்ளே போய்க் காய்ந்துவிட்டால் ஊசி பாதியில் நின்றுவிடும், ஓசையும் மந்தமாகிவிடும். அப்படி மாறினால் தூக்குவதை நிறுத்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மெல்லிய ஒயில் விட்டு, பாரமில்லாமல் ஊசிகள் துள்ளுகின்றனவா என்று பார்த்த பிறகே தொடர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஜாக்கிக்குப் பிடித்துத் தூக்க உறுதியான இரும்பு வேண்டும். நம் வீதிகளில் ஓடும் பெரும்பாலான ஜீப்களுக்கும் கெப்களுக்கும் பிளாஸ்டிக் பம்பர்தான். இரும்புப் பம்பரோ, சேசியோடு வெல்டிங் செய்த பக்கக் குழாயோ இல்லாத வாகனத்தில் ஹை-லிஃப்ட் ஜாக்கியைக் கட்டிக்கொண்டு போவதால் எந்தப் பயனும் இல்லை. சில்லின் துளைகளில் கொக்கி மாட்டித் தூக்கும் துணைக் கருவி ஒன்று உண்டு. அது புதைந்த சில்லைத் தூக்க உதவும், சில்லை மாற்ற உதவாது. என் முடிவு இதுதான்: வார இறுதிக்கு மட்டும் மண் பாதையில் இறங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரட்டைத் தண்டுப் போத்தல் ஜாக்கியும் நல்ல பலகையுமே சரியான தேர்வு. இரும்புப் பம்பர் உள்ளவர்கள் ஹை-லிஃப்ட் ஜாக்கியைச் சேர்த்துக்கொள்ளட்டும். அச்சை நாடாவால் சேசியோடு இறுக்கிக் கட்டிய பிறகு தூக்கினால் சில்லும் கூடவே எழும்பும்.

பலகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். போத்தல் ஜாக்கியின் அடி ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். 800 கிலோகிராம் பாரம் அதன் மேல் வந்தால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 8 கிலோகிராம் அழுத்தம். ஈர மண்ணுக்கு அது தாங்காது. அதே பாரத்தை 30 சென்ரிமீற்றர் சதுரப் பலகையில் பரப்பினால் ஒரு கிலோகிராமுக்கும் குறைவாகிவிடுகிறது. 18 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டை ஒட்டித் திருகி, மேலே ஜாக்கி வழுக்காதபடி சுற்றிலும் சட்டம் அடித்து வைத்திருக்கிறேன். ஒற்றைப் பலகை நடுவில் வளைந்துவிடும். வளைந்தால் பாரம் பழையபடி நடுவில் குவியும். மணலில் மேற்பரப்பின் தளர்ந்த பகுதியை வழித்து எடுத்துச் சமமாக்கிய பிறகே பலகையை வைக்க வேண்டும். உண்மையில் மணலில் ஜாக்கியை எடுப்பதற்கு முன் டயரின் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, சில்லுக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் தோண்டிப் பார்த்தாலே பல வாகனங்கள் வெளியே வந்துவிடும். புகைக்குழாயின் காற்றால் ஊதும் பை ஜாக்கி மணலுக்கு நல்லதுதான். வாகனத்தின் அடியில் உள்ள கூர்மையான ஆணியும் சூடான குழாயும் அதற்கு எமன்.

பழைய போத்தல் ஜாக்கி வாங்குவோர் தண்டை முழுவதும் ஏற்றி விரலால் தடவிப் பாருங்கள். துருக் குழியோ கீறலோ நகத்தில் தட்டினால் அந்த இடத்தில் ரப்பர் வளையம் கிழியும். பிறகு பாரத்தை ஏற்றிச் சிறிது நேரம் விட்டு, தண்டு தானாக இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒயில் குறைந்திருந்தால் ஹைட்ரோலிக் ஒயில் மட்டும் ஊற்றுங்கள். கைக்கு எட்டியது என்று பிரேக் ஒயிலை ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது உள்ளே இருக்கும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

தூக்குவதற்கு முன் எதிர்ப்பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். பழைய டிஃபெண்டர் வைத்திருப்போர் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும், ஏனெனில் அதன் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டைத்தான் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்று தரையை விட்டு எழும்பியதும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பிடி கழன்றுபோய் வாகனம் உருளும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் முன் சில்லுகளும் சேர்ந்து பிடிக்கும். சில்லைக் கழற்றியதும் அதைச் சேசியின் கீழே படுக்கவைத்துவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வாகனம் அதன் மேல் நிற்கும். ஜாக்கியை மட்டும் நம்பி உடலின் எந்தப் பகுதியையும் வாகனத்தின் கீழே நீட்டக் கூடாது.

கொண்டுசெல்லும் முறைக்கு வருகிறேன். போத்தல் ஜாக்கியைத் தண்டு முழுவதும் இறங்கிய நிலையில், வால்வை மூடி, நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுத்துக் கிடந்தால் ஒயில் கசியும், உள்ளே காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் வால்வைத் திறந்துவிட்டுப் பல தடவை பம்ப் செய்து வெளியேற்றலாம். கைபிடிக் குழாய்களைப் பழைய சைக்கிள் டியூபில் சுற்றிவைத்தால் சத்தமும் இல்லை, துருவும் குறைவு. பின் கதவுக்கு உள்ளே, எல்லாச் சாமான்களுக்கும் அடியில் ஜாக்கியைப் புதைத்து வைப்பது நம்மவர்களின் பொதுப் பழக்கம். வாகனம் பின்பக்கமாகச் சேற்றில் இறங்கினால் அந்தக் கதவு திறக்காது. நான் பின் இருக்கையின் காலடியில், தரையில் ஆணி போட்டு இறுக்கிய வளையத்தில் நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன். பக்கக் கதவு எதைத் திறந்தாலும் கை எட்டும். கட்டாமல் எதையும் உள்ளே வைக்காதீர்கள். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது அந்த இரும்பு முன்னால் இருப்பவரின் முதுகை நோக்கித்தான் வரும்.

ஹை-லிஃப்ட் ஜாக்கியைக் கூரைத் தட்டில் கட்டுவதை நான் விரும்புவதில்லை. உச்சியில் ஏறும் ஒவ்வொரு கிலோகிராமும் சரிவுப் பாதையில் வாகனத்தைச் சாய்க்க உதவுகிறது. தலைக்கு மேலிருந்து 13 கிலோகிராம் இரும்பை ஒற்றை ஆளாக இறக்குவதும் இலகுவல்ல. பின் கதவின் ஓரத்தில் இரும்புத் தாங்கியில் நிமிர்த்திப் பொருத்துவதே நல்லது. வெளியே இருக்கும் ஜாக்கிக்குக் கொழும்பின் கடற்காற்று பெரிய எதிரி. காலி வீதிக்குக் கடல் பக்கமாக வாகனம் நிறுத்துபவர்கள் ஊசிகள் இருக்கும் பகுதியைக் கன்வஸ் உறையால் மூடி, மாதத்துக்கு ஒரு முறையாவது ஒயில் விட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து மாட்டும் பூட்டுக்கும் அதே ஒயிலில் இரண்டு சொட்டு விடுங்கள், அதன் சாவியை வாகனச் சாவிக் கொத்திலேயே கோர்த்துவிடுங்கள்.