நாற்பது மணி நேரம் முடிந்தது, ஆளை எங்கே கொண்டுபோவது?

மனநெருக்கடியில் இருப்பவரை ஜெயிலில் அடைக்காமல் சிகிச்சைக்குத் திருப்பிவிட போலீசுக்குப் பயிற்சி தர வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று அமெரிக்க நகர சபையில் யாராவது கேட்டால் பெரிய எதிர்ப்பு வராது. கேட்க நல்ல காரியம், செலவும் சின்னது. ஆனால் பயிற்சிக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு ஓய்ந்தால் அந்தச் சின்னச் செலவும் வீண்தான்.

1987 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரத்தில், கையில் கத்தியோடு இருந்த, மனநோயால் பாதிக்கப்பட்ட 27 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஊர் கொதித்தது. மறுவருடம் போலீசும், நோயாளிகளின் குடும்பத்தார் சங்கமும், இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 'நெருக்கடித் தலையீட்டுக் குழு' என்ற முறையை உருவாக்கின. ஆங்கிலச் சுருக்கம் சி.ஐ.டி. (நம்மூர் மஃப்டி போலீசோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆங்கிலத்தில் இதன் கடைசி எழுத்து D இல்லை, T.) பிறகு இதுவே நாடு முழுக்கப் பரவியது.

பயிற்சி 40 மணி நேரம், அதாவது ஒரு முழு வாரம். நோய்களின் அறிகுறிகள், மருந்துகளின் பக்கவிளைவுகள், கட்டாயச் சிகிச்சைச் சட்டம், நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் நேரடிப் பேச்சு, மனநல மையங்களுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் உண்டு. உயிர்நாடி நடிப்புப் பயிற்சிதான்: குரல்கள் கேட்பதாகச் சொல்கிறவராக ஒருவர் நடிப்பார், காவலர் குரலை இறக்கி, இடைவெளி விட்டு, ஒரே ஆளாகப் பேசி நேரத்தை நீட்ட வேண்டும். நேரம் போதவில்லை என்று 8 மணி நேரமாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். மிஞ்சுவது ஸ்லைடுகள்.

எல்லாருக்கும் கட்டாயமாக்குவதும் மெம்ஃபிஸ் முறை இல்லை. ரோந்துப் பிரிவில் 20 முதல் 25 சதவீதம் பேர், தாமாக முன்வந்து, தேர்வாகி வருகிறவர்கள். விருப்பமில்லாதவரை ஒரு வாரம் உட்கார வைத்தால் சான்றிதழ் கிடைக்கும், பொறுமை கிடைக்காது.

இப்போது கணக்கு. ரோந்தில் 100 பேர் என்றால் 25 பேருக்குப் பயிற்சி: 25 × 40 = 1,000 மணி நேரம். பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள். பலர் இலவசமாகவே வருவார்கள். பணம் கரைவது வேறு இடத்தில். வகுப்பில் இருப்பவரின் ஷிப்டை இன்னொருவர் ஓவர்டைமில் பார்க்க வேண்டும். ஒன்றரை மடங்கு ஊதியம் என்றால் 1,500 மணி நேரச் சம்பளம். இதை பட்ஜெட்டில் எழுத மறந்த ஊர்களில்தான் இரண்டாவது அணி வகுப்புக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. 911 என்ற அவசர எண்ணில் அழைப்பை எடுப்பவர்களுக்கும் ஒரு குறுகிய வகுப்பு வேண்டும். 'யாரோ கத்துகிறார்' என்று அவர்கள் பதிந்துவிட்டால், பயிற்சி பெற்றவர் அடுத்த தெருவில் இருந்தாலும் வேறு வண்டிதான் போகும்.

இத்தனையும் சரியாக நடந்து, அந்த மனிதர் அமைதியாகி வண்டியில் ஏறிவிட்டார் என்று வையுங்கள். எங்கே கொண்டுபோவது? பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரண்டு காவலர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜெயிலில் ஒப்படைத்தால் சீக்கிரம் வேலை முடியும். களைத்துப்போன காவலர் எதைத் தேர்ந்தெடுப்பார்? சிகிச்சை மையத்தில் ஒப்படைக்க ஆகும் நேரம் ஜெயிலில் ஆவதைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்பது இந்த முறையின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆய்வுகளிலும் காவலர்களின் அறிவும் மனப்பான்மையும் மேம்படுவது தெளிவாகத் தெரிகிறது, கைதுகள் குறைவதில்தான் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஒப்படைக்க இடமில்லாத ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது!

அரிசோனாவின் டூசான் இதைப் புரிந்துகொண்ட ஊர். 2006இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரப் பணத்தில் கட்டிய நெருக்கடி மையம் 2011இல் திறந்தது. போலீசுக்குத் தனி வாசல். யாரைக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புவதில்லை. காவலர் பத்து நிமிடத்துக்குள் ரோந்துக்குத் திரும்பிவிடுகிறார்.

மத்திய அரசின் மானியத்தை நம்பி இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி வரும் மானியம் முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் 80 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, அதற்குப் பின் 25. பயிற்சி பெற்றவர்கள் பதவி உயர்ந்து ரோந்தை விட்டுப் போகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். எனவே முதல் விண்ணப்பத்திலேயே நான்காம் ஆண்டின் ஓவர்டைம் யார் கணக்கில் என்று எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் எங்கே ஒப்படைத்தார், எத்தனை நிமிடம் ஆனது என்று இரண்டு கட்டங்களைப் படிவத்தில் சேர்க்கச் சொல்வதற்குச் செலவே கிடையாது.