வாசல் கொப்பி

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் வாசலில் கொப்பி நீட்டினார்கள். பெயர், போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம்.

"எல்லாம் போடுங்கோ தம்பி, இல்லாட்டி எனக்குத்தான் ஏச்சு" என்றார் செக்யூரிட்டி ஐயா.

மேல் வரியில் 85706 என்று தொடங்கும் பழைய இலக்கம். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்ணென்றால் 500 கூட்டியிருக்கும்.

1985 ஜூலை 24இல் பிறந்த யாரோ ஓர் அக்கா! போன் நம்பரும் பக்கத்திலேயே.

கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டோடு யுத்தகாலத்தைக் கடந்த ஆட்கள் நாங்கள். கேட்டதும் எழுதிக் கொடுத்தே பழகிவிட்டோம்.

2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சரி. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இன்னும் இல்லை.

நிறைந்த கொப்பிகளை என்ன செய்கிறார்கள்? தொடர்மாடி நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.