தடைக்காலம் முடிந்ததும் காணாமல் போன ஆஃப்செட்

தகவல்களை வரிசையாக வாங்கி வைத்து மற்ற புரோகிராம்களுக்குத் தரும் காஃப்கா மென்பொருளைச் சொந்த சர்வரில் ஓட்டிவிட்டு, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் கிளவுட் சேவைக்கு மாறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருஷத்தில் சில மாதம் ஓய்ந்துபோகிற தொழிலுக்கு கிளஸ்டர் (சேர்ந்து ஓடும் காஃப்கா சர்வர்கள்) வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். இந்த ஜூனில் எங்களுக்கு நடந்தது இன்னும் ஆறவில்லை.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் சின்ன நிறுவனம் எங்களுடையது. கடலூர் துறைமுகத்திலிருந்தும் தேங்காய்த்திட்டிலிருந்தும் மீன் ஏற்றிப் போகிற குளிர்சாதன வண்டிகளில் சென்சார் வைத்திருக்கிறோம். பெட்டிக்குள் எத்தனை டிகிரி, வண்டி எங்கே நிற்கிறது என்ற தகவல் எல்லாம் காஃப்கா வழியாகத்தான் வரும். உறைந்த மீன் என்றால் மைனஸ் 18 டிகிரியில் இருந்தாகவேண்டும். வண்டி போய் நின்றதும் வாங்குகிற கம்பெனி முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான். அது இல்லையென்றால் விலையில் கைவைப்பார்கள், சில நேரம் சரக்கையே இறக்கமாட்டார்கள்.

கிளஸ்டரை உருவாக்கியது, சான்றிதழ் போட்டது, மிரர்மேக்கர் என்ற நகல் கருவி வைத்து டாபிக்குகளை (தகவல் சேரும் வரிசைகளை) நகலெடுத்தது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. இணைப்பில் மட்டும் இழுத்தது. அலுவலகத்திலிருந்து பூட்ஸ்ட்ராப் முகவரி கிடைக்கும், அடுத்த நொடியே டைம்அவுட். சப்போர்ட்டில் இருந்தவர் "உங்கள் ஃபயர்வாலைப் பாருங்கள்" என்பதையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். விஷயம் அதில் இல்லை. பூட்ஸ்ட்ராப் முதல் தொடர்புக்கு மட்டும்தான். அங்கே போனதும் ஒவ்வொரு புரோக்கரின் (கிளஸ்டரில் உள்ள சர்வரின்) முகவரியும் பதிலாக வரும், கிளையன்ட் (இணைகிற நம் புரோகிராம்) அதன்பின் பேசுவது அந்த முகவரிகளோடு. அவை உள் நெட்வொர்க் பெயர்கள் என்றால் உங்கள் விபிஎன் வழியாக அந்தப் பெயர்கள் விளங்கவேண்டும், எல்லா புரோக்கருக்கும் போர்ட் திறந்திருக்கவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் டாபிக்கின் சில பார்ட்டிஷன் (பகுதி) வேலை செய்யும், சில செய்யாது. தலை சுற்றிவிடும்.

அப்புறம் பில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுகள் போகும், ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் விசைப்படகு மீனை ஏற்றுகிறவர்கள். டேட்டா கிட்டத்தட்ட நின்றுவிடும். பில் நிற்காது, ஏனென்றால் புரோக்கருக்கு மணிக் கணக்கில் கட்டணம். நாங்கள் எடுத்த சேவையில் கிளஸ்டரை நிறுத்திவைக்க வழியே இல்லை, நீக்கத்தான் முடியும். டிஸ்க்கும் அப்படித்தான், கூட்டலாம், குறைக்க முடியாது. ஆகவே ஆரம்பத்தில் டிஸ்க்கைச் சின்னதாக எடுங்கள்.

செலவைக் குறைக்க எங்கள் கையில் இருந்தது கன்ஸ்யூமர் (டாபிக்கைப் படிக்கும் புரோகிராம்) ஓடும் சர்வர்கள் மட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் தடைக்காலத்தில் அவற்றை நிறுத்திவைப்பது வழக்கம். முதல் படகுகள் கரை திரும்பி வண்டிகள் லோடு ஏற்றியதும் மறுநாள் காலையில் கன்ஸ்யூமரைக் கிளப்புவோம். இரவு முழுக்க வந்த டேட்டா டாபிக்கில் காத்திருக்கும், விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். காஃப்கா வைத்திருப்பதே அதற்குத்தானே.

இந்த முறையும் அப்படித்தான் காலையில் கிளப்பினோம். டாஷ்போர்டில் லேக் (படிக்காமல் மீதி இருப்பது) பூஜ்யம், எல்லாம் பச்சை. கொஞ்ச நேரத்தில் கடலூர் முதுநகர் வியாபாரி ஒருவர் போன் செய்தார். "தம்பி, ராத்திரி லோடு ஏத்துனதுக்கு டிகிரி ஒண்ணுமே காட்டலியே? கம்பெனிக்காரன் சீட்டு கேக்கறான், வண்டி கேட்டுல நிக்குது." பார்த்தால் அந்த இரவில் ஏற்றிய எந்த வண்டிக்குமே பதிவு இல்லை. காலையில் கன்ஸ்யூமர் கிளம்பிய நிமிஷத்திலிருந்துதான் இருக்கிறது.

அவசர டிக்கெட் போட்டேன். "கிளஸ்டர் ஆரோக்கியமாக உள்ளது, உங்கள் அப்ளிகேஷனைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது, டிக்கெட்டும் மூடப்பட்டது. திறந்தேன், மூடினார்கள். ஒரு வியாபாரியின் சரக்கு வெயிலில் நிற்கும்போது இந்தப் பதில் எவ்வளவு எரிச்சலைக் கிளப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

காரணத்தை நாங்களேதான் கண்டுபிடித்தோம். கன்ஸ்யூமர்கள் குழுவாகச் சேர்ந்து படிக்கும். ஒரு குழுவில் கன்ஸ்யூமர் ஒன்றுகூட இல்லாமல் போனால், எதுவரை படித்தது என்ற குறிப்பை, அதாவது ஆஃப்செட்டை, காஃப்கா கொஞ்ச காலம்தான் வைத்திருக்கும். டீஃபால்ட் 10080 நிமிடம், அதாவது 7 நாள். அதற்குமேல் அழித்துவிடும். குறிப்பு இல்லாத குழு திரும்ப வந்தால் எங்கிருந்து படிப்பது என்பதை ஆட்டோ ஆஃப்செட் ரீசெட் என்ற செட்டிங் தீர்மானிக்கும். ஜாவா கிளையன்ட்டில் அதன் டீஃபால்ட் 'லேட்டஸ்ட்'. கடைசியிலிருந்து தொடங்கியதால்தான் லேக் பூஜ்யம். இரவு வந்த டேட்டா டாபிக்கிலேயே பத்திரமாக இருந்தும் யாரும் அதைத் தொடவில்லை.

பழைய சர்வரில் குறிப்பை வைத்திருக்கும் காலம் 129600 நிமிடம், அதாவது 90 நாளாக வைக்கப்பட்டிருந்தது. மாறும்போதே கிளவுட் சப்போர்ட்டில் கேட்டேன், பழைய செட்டிங்குகளை அப்படியே கொண்டுவரட்டுமா என்று. "டீஃபால்ட் போதும், அதுதான் எங்கள் பரிந்துரை" என்று எழுத்திலேயே பதில் தந்திருக்கிறார்கள். எங்கள் தொழில் இரண்டு மாதம் ஓயும் என்று அதே டிக்கெட்டில் எழுதியிருந்தேன். அதைப் படித்த அடையாளமே இல்லை. மெஷினையும் டிஸ்க்கையும் அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள், அதைக் குறை சொல்லமாட்டேன். டாபிக், ஆஃப்செட், கன்ஸ்யூமர் மூன்றும் நம் தலையில்தான். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மீட்டது எப்படி என்றால், டாபிக்கின் ரிடென்ஷன் (டேட்டாவை வைத்திருக்கும் காலம்) 7 நாள் இருந்ததால் இரவு டேட்டா இன்னும் அழியவில்லை. கன்ஸ்யூமர் குரூப்ஸ் கருவியில் ரீசெட் ஆஃப்செட்ஸ் என்று ஒரு வசதி உண்டு, தேதியும் நேரமும் கொடுத்தால் அந்த இடத்துக்குக் குழுவைத் திருப்பிவிடும். செய்யும் முன் குழுவில் உள்ள எல்லாக் கன்ஸ்யூமரையும் நிறுத்தவேண்டும், இல்லையென்றால் மறுத்துவிடும். முதலில் டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் யுடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) என்றே எடுத்துக்கொள்ளும். மாலை 6 மணியிலிருந்து வேண்டுமென்றால் 12:30 என்று கொடுக்கவேண்டும். இன்னொன்று, எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். பழைய டேட்டா ஓடும்போது பழைய எச்சரிக்கைகளும் எல்லோருக்கும் திரும்பப் போகும்.

இரவு முழுவதற்கான பதிவும் ஒன்று விடாமல் வந்தது. வியாபாரிக்குச் சீட்டு போய்ச் சேர்ந்ததும் வண்டியை உள்ளே விட்டார்கள். அந்த நிமிஷம் வந்த நிம்மதி பெரிது.

குறிப்பை வைத்திருக்கும் கால செட்டிங்கை மாற்றுவது தனிக்கதை. இது புரோக்கர் அளவிலான அமைப்பு, ஒவ்வொரு புரோக்கராக ரீஸ்டார்ட் ஆகும். ரெப்ளிகா (டேட்டாவின் நகல்) மூன்றும் குறைந்தபட்ச இன்சிங்க் (எழுதும்போது ஒத்திசைந்து இருக்கவேண்டிய நகல்கள்) இரண்டும் உள்ள டாபிக்குகள் அசையவில்லை. அதே குறைந்தபட்சத்தோடு ரெப்ளிகா இரண்டே இருந்த சில பழைய டாபிக்குகளில், ஒரு புரோக்கர் இறங்கியதும் 'போதிய ரெப்ளிகா இல்லை' என்று எழுதுவது நின்றது. ரீஸ்டார்ட்டுக்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். முக்கியமான கன்ஸ்யூமர்களில் ஆட்டோ ஆஃப்செட் ரீசெட்டை 'நன்' (none, எதுவுமில்லை) என்று மாற்றிவிட்டோம். குறிப்பு இல்லையென்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போகாது, பிழை காட்டி நிற்கும். அடுத்த தடைக்காலத்தில் குழுவுக்கு ஒரு சின்ன கன்ஸ்யூமரையாவது ஓடவிடப் போகிறோம். காஃப்கா 2.1 பதிப்பிலிருந்து, குழுவில் ஒருவர் இருந்தாலும் குறிப்பு காலாவதி ஆகாது.

மேல்நிலை சப்போர்ட்டுக்கு மாறலாம் என்று சேவையை விற்ற சென்னை ஏஜென்சிக்கு ஈசிஆரில் பஸ் ஏறிப் போனேன். அங்கேதான் தெரிந்தது, கணக்கில் எங்கள் கடலூர் கிளையின், 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்கிறது, நிறுவனத்துடையது 34 என்று தொடங்கும் புதுச்சேரி எண். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் வரி) போடவேண்டிய இடத்தில், ஒரே மாநிலத்துக்குள் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்த 18 சதவீதத்தைப் புதுச்சேரிக் கணக்கில் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியவில்லை. திருத்தச் சொன்னால், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அங்கீகாரக் கடிதம் வேண்டுமாம். போகும் முன் போனில் கேட்டபோது ஆதார் போதும் என்றவர் அதே ஆள்தான். வெறுங்கையோடு திரும்பினேன். கடிதத்தைக் கூரியரில் அனுப்பிய பிறகு எண்ணை மாற்றிவிட்டார்கள், ஏப்ரல், மே மாத இன்வாய்ஸ்கள் மட்டும் இன்னும் திருத்தி வரவில்லை.