சரிதான்மா

"நீங்க சொல்றது ஒரு வகையில சரிதான்மா" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கலாமா என்று இன்றும் குழப்பம்தான்.

மகளுக்கு இரண்டு கண்ணிலும் யுவைடிஸ், அதாவது கண்ணின் நடுப்படலத்தில் அழற்சி. ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் அடங்கும், நிறுத்தினால் மறுபடி சிவக்கும். இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் மூட்டு, முதுகு, வாய்ப்புண், காசநோய், வயிறு என்று எல்லாம் கேட்போம். வயிற்றைக் கேட்டதும் அந்தப் பெண் தலைகுனிந்தாள். அம்மாதான் சொன்னார்: "எல்லாம் சூடு டாக்டர். கண்ணு செவக்கும், வாய் வெந்துடும், வயித்தால போகும். இளநீர் குடுத்தா கொஞ்சம் அடங்கும்."

கண்ணுக்கு நாங்கள், வாய்க்குப் பல் டாக்டர், வயிற்றுக்குக் குடல் டாக்டர் என்று பிரித்து வைத்திருப்பதை அவர் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டார். குடலில் நாள்பட்ட அழற்சி வரும் குரோன் நோயிலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் அது குடலோடு நிற்பதில்லை. வெள்ளைவிழியின் மேல்படலம் சிவக்கும் எபிஸ்கிளரைடிஸ் பெரும்பாலும் குடல் மோசமாக இருக்கும்போது வரும். யுவைடிஸ் அப்படியில்லை. குடல் அமைதியாக இருக்கும்போதும் வரும், சிலருக்குக் குடல் நோய் தெரியவருவதற்கு முன்பே வரும். குரோனில் வாய்ப்புண்ணோடு உதடு தடிக்கலாம், கன்னத்தின் உள்பக்கம் மேடுபள்ளமாகலாம். காது பாதிப்பது அபூர்வம், ஆனால் திடீரென்று கேட்காமல் போனால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அதையும் கேட்டேன், காது நன்றாக இருந்தது.

சேர்த்துப் பார்த்தது சரி, காரணம்தான் வேறு, குடல் டாக்டரிடம் போய், குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி பாருங்கள் என்று முழுதாகத்தான் சொன்னேன். கடிதமும் கொடுத்தேன். வீட்டுக்குப் போனது முதல் பாதி மட்டும். கண் தெளிந்ததும் இளநீர், எண்ணெய்க் குளியல் என்று மாதங்கள் ஓடிவிட்டன. அப்புறம் குடல் காசநோயா குரோனா என்று பிரித்தறியவும் நாளானது. குரோன் என்று உறுதியானபோது சிறுகுடலில் ஓரிடம் சுருங்கியிருந்தது. "நீங்களே சரின்னீங்களே டாக்டர்" என்றார் அம்மா. அவர் குரலில் கோபமே இல்லை.

சூடெல்லாம் கிடையாது என்று வெட்டிப் பேசியிருக்கலாம். ஆனால் மலத்தில் ரத்தம் போவதை அந்தப் பெண் சொன்னதே நான் "சரிதான்மா" என்ற பிறகுதான். அந்தச் சுருக்கம் தாமதத்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று குடல் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

இப்போதும் சூடு என்பவர்களிடம் அதையேதான் சொல்கிறேன். கூடவே, அவர்கள் எதிரில் இருக்கும்போதே குடல் டாக்டருக்குப் போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுகிறேன். போன வாரம் அப்படி வாங்கிக் கொடுத்த ஒருவர் அங்கே போகவேயில்லை.