இடது கை கியர் ஒருவழியாகப் படிந்தது

இன்று காலையில் நாகர்கோவில் பார்வதிபுரத்திலிருந்து சுங்கான்கடை, வில்லுக்குறி வழியாகத் தக்கலைக்குப் போய்த் திரும்பினேன். ஒரு ஏற்றத்திலும் கால் ஊன்றவில்லை, செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை. ரோடு பைக் (குனிந்து ஓட்டும் கியர் சைக்கிள்) வாங்கிய நாளிலிருந்து காத்திருந்தது இதற்குத்தான்.

குனிந்து ஓட்டுவதெல்லாம் தானாகப் பழகிவிடும். கை மரத்துப்போவதுகூட, ஹூட்ஸை (பிரேக் லிவரின் மேல் உள்ள ரப்பர் பிடியை)ப் பிடிக்கும்போது முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் நின்றுவிடுகிறது. என்னைப் பாடாய்ப் படுத்தியது முன்பக்கச் செயின்ரிங்தான், அதாவது இடது கை கியரால் மாற்ற வேண்டிய, பெடலோடு சுற்றும் பல்சக்கரம்.

வண்டியில் ஷிமானோ கிளாரிஸ் கியர். முன்னால் 50, 34 பல்லில் இரண்டு செயின்ரிங், பின்னால் 11 முதல் 32 பல் வரை எட்டுப் பல்சக்கரம். சுசீந்திரம், கன்னியாகுமரிப் பக்கம் பெரும்பாலும் சமதளம் என்பதால் இடது லிவரைத் தொடவே வேண்டாம், 50-லேயே ஓட்டிவிடலாம். மேற்கே திரும்பினால்தான் கல்குளம், விளவங்கோடு மண்ணின் குணம் தெரியும். ஏறு, இறங்கு, மறுபடியும் ஏறு.

பின்னால் 24 பல்லில் போய்க்கொண்டிருக்கும்போது ஏற்றம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2.08. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் ஓடும். அதே 24-ல் வைத்துக்கொண்டு முன்னால் 34-க்கு இறக்கினால் 1.42 ஆகிவிடும். பெடலில் கனமே இல்லாமல் கால் சும்மா சுழலும், வேகம் செத்துவிடும். சுதாரிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் டிப்பர் லாரி ஹாரன் அடிக்கும்.

இதற்கு வழி இரண்டு கையையும் ஒன்றாகப் பயன்படுத்துவதுதான். பிரேக் லிவருக்குப் பின்னால் உள்ள இடது சின்ன லிவரை அழுத்தும்போதே வலது சின்ன லிவரை இரண்டு தட்டு தட்ட வேண்டும். பின்னால் 24 போய் 21, அடுத்து 18. 34-ஐ 18-ஆல் வகுத்தால் 1.89. காலுக்குக் கிடைக்கும் கனம் கிட்டத்தட்ட பழையதுதான், அங்கிருந்து ஒவ்வொரு கியராக லேசாக்கிக்கொள்ளலாம். செயின் தாவுகிற அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், ஆனால் பெடல் நிற்கக் கூடாது. மிதித்த மிதியோடு மாற்றினால் கரகரவென்று உரசிச் செயின் உள்பக்கமாக விழும். ஏற்றத்தில் பாதி ஏறிய பிறகு இதைச் செய்யவே முடியாது. இரண்டு கரண்ட் கம்பம் முன்னாலேயே செய்துவிட வேண்டும். சுசீந்திரம் ரோட்டில், அவசியமே இல்லாத இடத்தில், திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துத்தான் விரல் பழகியது. இப்போது இரண்டு கையும் யோசிக்காமலே சேர்ந்து நகர்கின்றன. அந்தக் 'களக்' சத்தம் கேட்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

புது வண்டி வாங்கியவர்களுக்கு இன்னொன்று. கியர் கேபிள் கொஞ்ச நாளில் தளரும். மாற்றம் மந்தமானால் லிவரைக் குறை சொல்லாமல் கேபிளை இறுக்கும் சின்னத் திருகான பாரல் அட்ஜஸ்டரை அரைத் திருகு திருகிப் பாருங்கள்.

காற்றடிப்பது தனிப் பாடு. என்னுடையது பிரெஸ்டா வால்வு, சாதாரண வால்வைவிட ஒல்லியானது. தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எங்கிட்ட முனை இல்ல மக்களே" என்றார். அவர் என்ன செய்வார், கடைக்கு வருவதெல்லாம் மோட்டார் பைக்கும் ஸ்கூட்டரும். நகத்தளவு பித்தளை அடாப்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கிச் சீட்டுக்குக் கீழே உள்ள பையில் போட்டிருக்கிறேன். வால்வின் தலையைத் திருகித் தளர்த்தி, ஒருமுறை அழுத்திக் 'புஸ்' என்று கேட்ட பிறகு அடாப்டரை மாட்டினால் எந்தக் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். 28 மி.மீ. அகல டயருக்கான டியூப்பை இங்கே தேடி அலைவதைவிட இரண்டு சேர்த்து வெளியூரிலிருந்து வரவழைப்பது மேல்.

தக்கலையிலிருந்து திருவட்டாறு வழியாக மாத்தூர்த் தொட்டிப் பாலம் வரைக்கும் போக ஆசை. 115 அடி உயரப் பாலத்தில் நின்று பரளியாற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஆரல்வாய்மொழி. இப்போது கணவாய்க் காற்று உச்சத்தில் இருக்கிறது. போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அறையும். ட்ராப்ஸில் (ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடியில்) தொடர்ந்து குனிந்திருக்க என் கழுத்து இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடி முடிவதற்குள், திரும்பும் வழியில் தோவாளைப் பூச்சந்தை வரைக்குமாவது கையை மேலே எடுக்காமல் ஓட்டிவிட வேண்டும்.