தைராய்டு டெஸ்ட்டுக்குப் போகிற காலை

எனக்குத் தைராய்டு குறைவு. 50 மைக்ரோகிராம் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டுகள் என் கையில் இருந்தன. ஒன்றில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 5.3 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. இன்னொன்றில் 3.9, அம்புக்குறி எதுவும் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா?

முதல் ரத்தம் ராமநாதபுரத்தில் ஒரு லேபில், காலையில், மாத்திரை போடாமல், வெறும் வயிற்றில் கொடுத்தது. 5.3 என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து போனில், "வேற இடத்துல இன்னொரு தடவை பாரு" என்று ஒரே பிடியாக நின்றார். சரி என்று இங்கே கீழக்கரையிலேயே ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிற ஓர் இடத்துக்குப் போன் போட்டேன். "தைராய்டுக்கு நேரம் காலமெல்லாம் இல்லக்கா, எப்ப வேணாலும் வாங்க" என்றாள் அங்கிருந்த பெண். மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனேன்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், முதலில் எண்ணைப் பார்க்கவில்லை. தாளின் வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நார்மல் அளவைத்தான் பார்த்தார். ஒரு லேப் 0.27 முதல் 4.20 வரை என்று போட்டிருந்தது, மற்றது 0.35 முதல் 4.94 வரை. மெஷினும் அதில் ஊற்றுகிற மருந்தும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதற்கேற்ப அளவும் மாறும். 4.5 என்று வந்திருந்தால் ஒரு லேபில் அம்புக்குறி விழும், இன்னொன்றில் விழாது.

அப்புறம் நேரம். டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லையாம். நடு ராத்திரிக்கு மேல், இரண்டு மூன்று மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், விடிந்ததும் மெல்ல இறங்கி, பிற்பகலில் தாழ்ந்துவிடும். சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் இறங்கும். "லேப் மாறியிருக்கு, நேரம் மாறியிருக்கு, வயிறும் மாறியிருக்கு. இதுல எதனால குறைஞ்சதுன்னு நான் எப்படிம்மா சொல்றது?" என்று சிரித்தார். டோஸை மாற்றவில்லை. அதே லேப், அதே காலை நேரம், ஆறு வாரம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார்.

தைராய்டுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை. புதிதாக ஒருவருக்குத் தைராய்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். என்னைப் போல எல்லைக்கோட்டில் ஏறி இறங்கிக்கொண்டு, போன ரிப்போர்ட்டையும் இந்த ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டு டோஸ் முடிவு செய்கிறவர்களுக்குத்தான் இந்தக் கெடுபிடி தேவைப்படுகிறது.

இப்போது டெஸ்ட் நாளில் திருப்புல்லாணி வழியாகப் போகிற காலை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன். மாத்திரை, தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம் மூன்றும் பையில் இருக்கும். ரத்தம் கொடுத்த கையோடு லேப் வாசலிலேயே மாத்திரை. அரை மணிக்கு மேல் ஆனதும் இட்லி, டீ. மாத்திரையை ஏன் தள்ளிப் போட வேண்டும் என்றால், விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கிற ஹார்மோன், மாத்திரையில் இருப்பதும் டி4-தான்) தற்காலிகமாக ஏறிக் காட்டும். டி.எஸ்.எச்.-ஐ அன்றைய ஒரு மாத்திரை பெரிதாக அசைக்காது. ஆகவே தெரியாமல் போட்டுவிட்டு லேபுக்கு வந்தவர்கள் பதற வேண்டியதில்லை, போட்டேன் என்று டாக்டரிடம் சொன்னால் போதும்.

எங்கள் மாமி கதை இதற்கு நேர் எதிர். வாரக்கணக்கில் மாத்திரையை மறந்துவிட்டு, டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேளை தவறாமல் போடுவார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "டி4 நல்லா இருக்கு, டி.எஸ்.எச். மட்டும் எகிறியிருக்கே, மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். டி4 சில நாள் மாத்திரையிலேயே தலைதூக்கிவிடும், டி.எஸ்.எச். மெதுவாகத்தான் நகரும். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்கச் சொல்வதும் இதனால்தான். மாமி இன்றுவரை லேப்தான் தப்பு என்கிறார்.

யாரும் எச்சரிக்காத விஷயம் முடி மாத்திரை. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், முடி கொட்டினால் மெடிக்கலில் கேட்டு பயோட்டின் வாங்குவோம். அதில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கும். சில வகை மெஷின்கள் பரிசோதனைக்கே பயோட்டினைப் பயன்படுத்துவதால், நம் ரத்தத்தில் அது நிறைய இருந்தால் கணக்கு குழம்பி, டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். பார்ப்பவருக்கு மாத்திரை அதிகமாகிவிட்டது போலத் தோன்றும். அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும், பெரிய டோஸ் என்றால் இன்னும் முன்னதாக. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் வேறு கதை. அவை தைராய்டு மாத்திரையை உடம்பில் சேர விடாது, அதனால் தினமுமே நான்கு மணி நேர இடைவெளி விடுகிறேன்.

எனக்குப் பெரிய சிக்கல் நோன்பு மாதம். மற்ற நாளில் காலையில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து நாஷ்டா என்று போய்விடும். நோன்பில் காலை என்பதே கிடையாது. டாக்டர் சில வழிகள் சொன்னார். நோன்பு திறக்கும்போது தண்ணீரோடு மாத்திரையைப் போட்டு அரை மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் இருப்பது ஒன்று. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள் முன்னால் கஞ்சியும் வடையும் ஆவி பறக்க இருக்கும்போது அது என்னால் ஆகாது. இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடுவது இன்னொன்று. எங்கள் வீட்டில் தராவீஹ் (நோன்பு மாத இரவுத் தொழுகை) முடிந்து வந்தும் ஏதாவது கொறித்துக்கொண்டே இருப்போம், அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? கடைசியில் மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து, மாத்திரையை விழுங்கி, நாலரைக்கு சஹர் (விடியுமுன் சாப்பாடு) சாப்பிடுகிறேன். பாலும் பழமும் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிற வழக்கம் இருப்பதால் அந்த இடைவெளி ரொம்ப முக்கியம், பாலில் இருக்கிற கால்சியமும் மாத்திரையைத் தடுக்கும்.

நோன்பிலோ பெருநாள் முடிந்த கையோடோ டெஸ்ட் எடுப்பதில்லை. அந்த மாதம் முழுக்க மாத்திரை நேரம் புரண்டிருக்கும், தூக்கமும் புரண்டிருக்கும். ராத்திரி விழித்திருந்தால் டி.எஸ்.எச். கூடுதலாக ஏறும். பழைய நேரத்துக்குத் திரும்பி ஆறு வாரம் ஆன பிறகு வரச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் கண்டு படுத்து எழுந்த வாரத்திலும் அவசரம் இல்லை என்றால் வேண்டாம் என்றார்.

மாத்திரை டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்காமல், சமையலறையிலும் வைக்காமல், அலமாரியில் மூடி இறுக்கி வைத்திருக்கிறேன். உப்பு ஜாடி கசிகிற ஊரில் மாத்திரை மட்டும் நமத்துப் போகாதா என்ன. கடல் பாசியைப் பொடி பண்ணிச் சாப்பிட்டால் தைராய்டு போய்விடும் என்று சொல்லவும் இங்கே ஆள் இருக்கிறார்கள். எனக்கு அயோடின் பற்றாக்குறை இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வந்தது. பாசியில் இருக்கும் மிதமிஞ்சிய அயோடின் இதை இன்னும் மோசமாக்கலாம் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் நான் சொல்லக் கேட்டு, என்னைப் போலவே மாத்திரை போடும் என் தங்கச்சியும் ஆறு வாரம் பொறுக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு மாதக் கர்ப்பம். கர்ப்பம் தெரிந்ததுமே டாக்டரைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும், பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டெஸ்ட். அன்றைக்கே பஸ் ஏற்றி ராமநாதபுரம் கூட்டிப் போனேன். காலை சாப்பாடும் ஆகியிருந்தது, மாத்திரையும் போட்டிருந்தாள். பரவாயில்லை, ரத்தம் எடுங்கள் என்றுதான் டாக்டரும் சொன்னார்.