அக்காவின் பத்து மாதக் கூலி
2020-இல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், குழந்தையும் தங்கவில்லை. நான்கு வருடம் கழித்து அக்காதான் கேட்டாள், "நான் சுமந்து தரட்டுமாடி?" சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வெள்ளித் துண்டுகளைச் சூட்டில் பத்த வைத்து ஒட்டுகிற வேலை அவளுக்கு. செய்த வேலைக்குத்தான் கூலி.

வாடகைத்தாய் சட்டம் 2022 ஜனவரி 25-இல் அமலுக்கு வந்தது. சுமப்பவருக்குச் சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு தடவைதான், கரு வைக்கிற நாளன்று வயது 25-லிருந்து 35-க்குள். அக்காவுக்கு அப்போதே 34 முடியப் போகிறது, அதனால் எல்லாமே ஓட்டம்தான்.

வாடகைத்தாய் எனக்குத் தேவை என்ற மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று, ஆபரேஷன் பேப்பர்கள் கையில் இருந்ததால் சீக்கிரம் கிடைத்தது. இழுத்தது இன்சூரன்ஸ். பிரசவத்துக்குப் பிறகு வரும் சிக்கலுக்கும் சேர்த்து 36 மாதத்துக்கு அக்கா பெயரில் எடுக்க வேண்டும், கேட்ட ஏஜென்ட் எல்லாம் "அப்படி பாலிசியே இல்லைங்க" என்றார்கள். இரண்டு மாதம் போய்விட்டது. நீங்கள் இறங்குவதாக இருந்தால் முதல் நாளே இதைத் தேடுங்கள்.

அப்புறம் கோர்ட். குழந்தை எங்களுடையது என்று மாஜிஸ்திரேட் முன்கூட்டியே உத்தரவு தர வேண்டும், பிறந்த பிறகு பிறப்புக்கு ஆதாரமும் அதுதான். "பணம் ஏதாவது வாங்குறீங்களாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். "இல்லைங்கய்யா" என்றாள். மனுவில் 'வாடகைத்தாய்' என்று வாசித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

மருத்துவச் செலவு, இன்சூரன்ஸ், விதியில் சொன்ன செலவு, இவ்வளவுதான் கொடுக்கலாம். மேற்கொண்டு கொடுத்தால் எங்களுக்கு 5 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். கடன்பட்ட பெண்களைத் தேடி புரோக்கர் வந்து நிற்கக்கூடாது என்பதற்காகப் போட்ட தடை, அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் பத்த வைக்கிற புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அக்கா பத்து மாதம் பட்டறைப் பக்கமே போகவில்லை, மாமாவின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது. அந்தக் கூலியை ஈடுகட்டுவது எப்படிங்க பிள்ளைக்கு விலை ஆகும்? சட்டம் இதைத் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பாப்பாவுக்கு இப்போது நான்கு மாதம். அக்கா பட்டறைக்குத் திரும்பிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் பாப்பாவின் கணுக்காலை நூலால் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.